ஐந்து வளைவு வரும், ஆறு வராது: டர்க்ஸ் ஹெட் முடிச்சின் கணக்கு

கோலையோ கைப்பிடியையோ சுற்றி வளையமாகப் பின்னும் டர்க்ஸ் ஹெட் முடிச்சைப் பழகுகிறவர்கள் பலர் ஒரே இடத்தில் முட்டி நிற்பார்கள். மூன்று கால் (பின்னலின் குறுக்கே வரும் இழைகள்) வைத்து ஐந்து வளைவு (கயிறு ஓரத்தில் திரும்பும் இடங்கள்) அழகாக வந்துவிடும். சுற்ற வேண்டிய பொருள் கொஞ்சம் தடிமன், ஆறு வளைவாக்கிக்கொள்வோம் என்று இறங்கினால், பின்னல் உருவாவதற்குள் கயிறு தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். கேட்டால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்: கை இன்னும் பழக வேண்டும், கயிறு சரியில்லை, இன்னொரு சுற்று விட்டுப் பாருங்கள். மூன்றும் வீண். மூன்று கால், ஆறு வளைவு என்பதை ஒரே கயிற்றில் எந்தக் கைதேர்ந்தவராலும் கட்ட முடியாது. தடை கையில் இல்லை, அந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

அந்தத் தடை எப்படி வருகிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால், எந்த அளவு ஒரு கயிற்றில் வரும், எதற்கு இரண்டு மூன்று கயிறு வேண்டும் என்பதைக் கயிற்றைத் தொடாமலே சொல்லிவிடலாம்.

இது என்ன முடிச்சு

டர்க்ஸ் ஹெட் என்பது ஒரு கோலையோ கைப்பிடியையோ சுற்றி வளையமாக நிற்கும் பின்னல். கயிறு ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே என்று மாறி மாறி ஓடி, கடைசியில் தொடங்கிய இடத்திலேயே முடியும். சாரணர்கள் கழுத்துத் துணியில் மாட்டும் கயிற்று வளையம் பெரும்பாலும் இதுதான். பாய்மரக் கப்பல்களில் சுக்கான் சக்கரத்தின் ஓர் ஆரத்தில் மட்டும் இதைக் கட்டி வைப்பார்கள். அந்த ஆரம் நேர்மேலே நின்றால் சுக்கான் நேராக இருக்கிறது என்று பொருள். இருட்டில்கூடக் கையால் தடவித் தெரிந்துகொள்ளலாம்.

உருளையிலிருந்து கழற்றித் தட்டையாக விரித்தால் இதே முடிச்சு வட்ட விரிப்பாகிவிடும். பெயர் மாறும், முடிச்சு மாறாது.

இரண்டு எண்கள்: கால், வளைவு

ஒவ்வொரு டர்க்ஸ் ஹெட்டையும் இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன.

முதலாவது, கால். தலைமுடியை மூன்று கால் பின்னல், நான்கு கால் பின்னல் என்கிறோமே, அதே கால்தான். பின்னலின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டால் எத்தனை இழைகளை வெட்டும் என்பதே கால்களின் எண்ணிக்கை. கோடு ஓர் இழை இன்னொன்றின்மேல் ஏறும் இடத்தில் விழுந்தால், அடியில் மறைந்திருப்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

இரண்டாவது, வளைவு. கயிறு ஓரம்வரை போய்த் திரும்பும் இடம் அது. ஓர் ஓரத்தில் மட்டும் எண்ணினால் போதும், மறு ஓரத்திலும் அதே எண்ணிக்கைதான் இருக்கும்.

கால் கூடினால் பின்னல் அகலமாகும். வளைவு கூடினால் பின்னல் சுற்றிவரக்கூடிய நீளம் கூடும். இரண்டு இழைகள் ஒன்றையொன்று தாண்டும் இடத்தைச் சந்திப்பு என்போம். மொத்தச் சந்திப்புகள் எத்தனை என்பதற்கு எளிய கணக்கு உண்டு: கால்களில் ஒன்றைக் கழித்து வளைவுகளால் பெருக்குங்கள். 3 கால், 5 வளைவு என்றால் 2 × 5, அதாவது 10 சந்திப்புகள். கட்டி முடித்ததும் சரிபார்க்க இது மிகவும் உதவும்.

பெயர் தெரியாமலே இந்தக் குடும்பத்தின் சின்ன உறுப்பினர்களை எல்லோரும் கட்டியிருப்போம். சாதாரண ஒற்றை முடிச்சைப் போட்டு இரு முனைகளையும் இணைத்தால் அது 2 கால், 3 வளைவு. எட்டு வடிவ முடிச்சின் முனைகளை இணைத்தால் 3 கால், 2 வளைவு.

சடையின் இரு நுனிகளையும் பூட்டினால்

டர்க்ஸ் ஹெட் என்பது நுனியும் அடியும் பூட்டப்பட்ட சடை. இது வெறும் உவமையாக நின்றுவிடுவதில்லை, உண்மையான இயக்கமே இதுதான். ஆகவே இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கயிறுகளை இடமிருந்து வலமாக வைத்துக்கொள்ளுங்கள். சடை பின்னும்போது வலப்பக்கக் காலை நடுக்கால்மேல் போடுகிறோம். வரிசை சிவப்பு, நீலம், பச்சை ஆகிறது. அடுத்து இடப்பக்கக் காலை நடுக்கால்மேல் போடுகிறோம். இப்போது நீலம், சிவப்பு, பச்சை. இந்த இரண்டு அசைவும் சேர்ந்தது ஒரு பின்னல் படி. ஒரு படியில் ஒவ்வோர் ஓரத்திலும் ஒரு வளைவு உருவாகும். ஆகவே எத்தனை படியோ அத்தனை வளைவு.

இன்னொரு படி பின்னினால் பச்சை, நீலம், சிவப்பு. மூன்றாவது படியில் சிவப்பு, பச்சை, நீலம், அதாவது பழைய வரிசைக்கே வந்துவிட்டது. மூன்று படிக்கு ஒருமுறை வரிசை திரும்புகிறது, இதுதான் முக்கியம்.

இப்போது சடையை வளையமாக மடித்து, கீழ் நுனிகளை மேல் நுனிகளோடு, இடத்துக்கு இடம் பொருத்தி ஒட்டுங்கள். மூன்று படி பின்னியிருந்தால் சிவப்பின் நுனி சிவப்பின் தொடக்கத்தோடும், பச்சை பச்சையோடும், நீலம் நீலத்தோடும் சேரும். கிடைப்பது மூன்று தனித்தனி வளையங்கள். ஆறு படி பின்னினாலும் ஒன்பது பின்னினாலும் அதே கதைதான்.

நான்கு படி பின்னியிருந்தால் வரிசை ஓரிடம் தள்ளி நிற்கும். சிவப்பின் நுனியில் பச்சையின் தொடக்கமும், பச்சையின் நுனியில் நீலமும், நீலத்தின் நுனியில் சிவப்பும் வந்து சேரும். மூன்றும் ஒரே கயிறாகிவிட்டது. ஐந்து படியிலும் அப்படித்தான், தள்ளி நிற்பது இரண்டு இடம் என்பதே வேறுபாடு.

சுருக்கமாக: மூன்று கால் பின்னலில் வளைவு மூன்றின் மடங்காக இருந்தால் மூன்று கயிறு தேவை. இல்லாவிட்டால் ஒன்று போதும்.

கையில் சுற்றிக் கட்டுகிறவர்கள், பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரு இழைகளை ஒன்றன்மேல் ஒன்று மாற்றிப் போட்டுப் பின்னலை நீட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த முறையில் 2 வளைவு 5 ஆகும், 5 என்பது 8 ஆகும், நடுவில் நிற்காது. காரணம் மேலே சொன்னதுதான். மூன்று படி சேர்த்தால்தான் வரிசை மாறாமல் இருக்கும், கயிறும் ஒன்றாகவே தொடரும்.

பொது வகுத்தி

கால்கள் எத்தனையாக இருந்தாலும் விதி இதுவே. கால்களின் எண்ணிக்கையையும் வளைவுகளின் எண்ணிக்கையையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண், பள்ளியில் படித்த மீப்பெரு பொது வகுத்தி, எத்தனையோ அத்தனை கயிறுகள் வேண்டும். அது 1 என்றால் ஒரே கயிறு. 1944-இல் வெளிவந்த கிளிஃபோர்ட் ஆஷ்லியின் முடிச்சு நூலிலும் இந்த விதி இடம்பெற்றிருக்கிறது. இத்தனை காலமாகியும் "எந்த அளவும் வரும், பழக்கம்தான்" என்று சொல்லிக்கொண்டிருப்பது வேடிக்கை.

3 காலுக்கு 2, 4, 5, 7, 8, 10 வளைவுகள் ஒரு கயிற்றில் வரும். 4 காலுக்கு ஒற்றைப்படை வளைவுகள் எல்லாம் வரும். 5 காலுக்கு ஐந்தின் மடங்கைத் தவிர எதுவும் வரும். 6 கால்தான் முரண்டு பிடிக்கும். இரண்டாலும் மூன்றாலும் வகுபடாத 5, 7, 11, 13 போன்றவை மட்டுமே தேறும். யோசிக்க நேரமில்லையா? அடுத்தடுத்த எண்களைத் தேர்ந்தெடுங்கள். 3-4, 4-5, 5-6, 7-8 எதற்கும் 1-ஐத் தவிரப் பொது வகுத்தி கிடையாது.

தவறான எண்களைத் தேர்ந்தெடுத்தால் முடிச்சே வராது என்றில்லை. ஒரு கயிற்றில் வராது, அவ்வளவுதான். 3 கால், 3 வளைவு என்பதை மூன்று கயிறுகளில் கட்டினால் கிடைப்பது பொரோமியன் வளையங்கள். அவற்றில் எந்த இரண்டு வளையங்களை எடுத்துப் பார்த்தாலும் ஒன்றோடொன்று கோக்கப்படாமல் சும்மா கிடக்கும். ஆனால் மூன்றும் சேர்ந்திருக்கும்வரை பிரிக்க முடியாது. ஒன்றை வெட்டினால் மற்ற இரண்டும் தாமாகக் கழன்றுவிடும்.

குழலில் கோடு போட்டுப் பார்ப்பது

இனி கயிற்றை எடுக்கலாம். 12 செ.மீ. சுற்றளவுள்ள தடித்த அட்டைக் குழல் ஒன்று வேண்டும். குழலின் நீளவாக்கில் 12 மி.மீ. இடைவெளியில் 10 கோடுகள் போட்டு, 0 முதல் 9 வரை எண் எழுதுங்கள். குழலைச் சுற்றி, 3.5 செ.மீ. இடைவெளியில் இரண்டு வட்டங்கள் வரையுங்கள். இடது வட்டத்தில் 0, 2, 4, 6, 8 ஆகிய கோடுகளிலும், வலது வட்டத்தில் 1, 3, 5, 7, 9 ஆகிய கோடுகளிலும் குண்டூசி குத்துங்கள். ஒவ்வோர் ஊசியும் ஒரு வளைவு.

கயிறு ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போகும்போதெல்லாம் கால்களின் எண்ணிக்கை அளவுக்குக் கோடுகள் முன்னேற வேண்டும். நம் கணக்கில் மூன்று. 9-க்கு அடுத்து மறுபடி 0. ஆகவே பாதை: இடது 0, வலது 3, இடது 6, வலது 9, இடது 2, வலது 5, இடது 8, வலது 1, இடது 4, வலது 7, கடைசியில் இடது 0. பத்து ஊசிகளையும் தொட்டுவிட்டுத் தொடக்கத்துக்கு வந்துவிட்டது.

இதையே ஆறு வளைவுக்குச் செய்து பாருங்கள். கோடுகள் 12. இடது 0, வலது 3, இடது 6, வலது 9, மறுபடி இடது 0. நான்கே ஊசி தொட்டுக் கயிறு வீடு திரும்பிவிட்டது, எட்டு ஊசிகள் வெறுமனே நிற்கின்றன. அவற்றைத் தொட இடது 2-இல் ஒரு கயிறும் இடது 4-இல் ஒரு கயிறும் தனியாகத் தொடங்க வேண்டும். மூன்று கயிறு. தொடக்கத்தில் சொன்ன முட்டுக்கட்டை இதுதான்.

வேறெந்த அளவுக்கும் இதே வழி: வளைவைப் போல இரு மடங்கு கோடுகள், கால் எத்தனையோ அத்தனை கோடு தாவல். கால் ஒற்றைப்படை என்றால் வலது ஊசிகள் ஒற்றைக் கோடுகளில் வரும். இரட்டைப்படை என்றால் இரு பக்கமும் ஒரே கோடுகளில் வரும்.

3 கால், 5 வளைவு: கட்டும் முறை

4 மி.மீ. தடிமனுள்ள, உருண்டையான பின்னல் கயிறு 2 மீட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். புரி முறுக்கிய கயிறு தொடக்கத்துக்கு வேண்டாம். வளைத்து வளைத்து ஓட்டும்போது முறுக்கு அவிழ்ந்து தொல்லை தரும். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து வைப்போம், அது நிலை முனை. ஓட்டிக்கொண்டே போகும் மறு முனை ஓடும் முனை.

நிலை முனையை 15 செ.மீ. விட்டு, இடது 0 ஊசிக்கு வெளியே ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். ஊசியைச் சுற்றும்போது கயிறு எப்போதும் ஊசியின் வெளிப்பக்கமாகத் திரும்ப வேண்டும்.

முதலில் இடது 0, வலது 3, இடது 6, வலது 9. இந்தச் சுற்றில் எதையும் தாண்ட வேண்டியதில்லை.

பிறகு வலது 9-இலிருந்து இடது 2, வலது 5, இடது 8, வலது 1. ஓர் ஊசியிலிருந்து அடுத்த ஊசிவரை போவதை ஓர் ஓட்டம் என்போம். இந்த நான்கு ஓட்டத்திலும் ஒவ்வொரு சந்திப்பு வரும். நான்கிலும் கயிற்றை மேலே போட்டுக்கொண்டே போகலாம். இங்கே நுழைப்பது எதுவுமில்லை.

மீதி மூன்று ஓட்டங்களில்தான் பின்னல் பிறக்கிறது. வலது 1-இலிருந்து இடது 4-க்குப் போகும் வழியில் இரண்டு இழைகள் குறுக்கே கிடக்கும். முதலில் வருவதன் கீழே நுழைத்து, அடுத்ததன் மேலே விடுங்கள். இடது 4-இலிருந்து வலது 7-க்கும் அப்படியே: முதலாவதன் கீழே, இரண்டாவதன் மேலே. வலது 7-இலிருந்து இடது 0-க்கும் அதேதான். பத்துச் சந்திப்புகளில் மூன்றே இடத்தில்தான் முனையை அடியில் நுழைத்தோம்.

இது ஏன் சரியாக அமைகிறது? மூன்று கால் பின்னலில் கயிறு உருளையை மூன்றுமுறை சுற்றி வருகிறது. இரண்டாம் சுற்று முதல் சுற்றின்மேல் கிடக்கிறது. மூன்றாம் சுற்று இரண்டாவதன்மேல் ஏறி, முதலாவதன் அடியில் புகுகிறது. எந்தச் சுற்றும் மற்ற இரண்டுக்கும் மேலாக இல்லை. அதனால்தான் ஒன்று மற்றொன்றை அமுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

சரிபார்க்க, கயிற்றின் எந்த இடத்திலிருந்தும் விரலை நகர்த்திக்கொண்டே போங்கள். மேல், கீழ், மேல், கீழ் என்று வர வேண்டும். எங்காவது ஒரு சந்திப்பில் தவறியிருந்தால் அது ஒளிந்துகொள்ளாது. ஓர் இழை தொடர்ந்து மூன்றுமுறை மேலே போகும், அதைத் தாண்டும் இழை தொடர்ந்து மூன்றுமுறை கீழே போகும். அந்த மூன்றில் நடுவில் இருப்பதுதான் தவறிய இடம்.

ஒட்டி ஓட்டினால் கால் கூடாது

இந்த முடிச்சைப் பற்றிய பேச்சில் மிக அதிகமாகக் குழம்பும் இடம் இது. பாதை முழுவதும் ஒருமுறை ஓடி முடிந்ததும் வளையம் மெலிவாக, ஓட்டை ஓட்டையாக இருக்கும். அதை நிரப்ப, ஓடும் முனையை அதே பாதையில் இன்னொருமுறை, பிறகு மற்றொருமுறை விடுவோம். பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இந்த ஒவ்வோர் இழையையும் வரி என்போம். மூன்று வரி விட்ட 3 கால் பின்னலைப் பார்த்து "ஒன்பது கால்" என்று எண்ணிவிடுகிறார்கள். அது மூன்று கால்தான். ஓரத்தைப் பாருங்கள்: வளைவில் மூன்று இழைகள் ஒன்றாகச் சேர்ந்து திரும்பினால் அது மூன்று வரி. உண்மையான ஒன்பது காலில் ஒவ்வொரு வளைவிலும் ஒரே இழைதான் திரும்பும். சந்திப்புகளும் 10 இராது, 8 × 5, அதாவது 40 இருக்கும்.

ஒட்டி ஓட்டுவது சுலபம், ஆனால் தொடங்கும் இடம் ஆபத்தானது. ஓடும் முனை இடது 0-க்கு வந்ததும், அங்கிருந்து கிளம்பியிருக்கும் முதல் வரியின் ஒரு பக்கத்தில் அதைப் படுக்க வையுங்கள். வலப்பக்கம் என்று வைத்துக்கொண்டால் கடைசிவரை வலப்பக்கமே. பக்கத்து வரி மேலே போனால் இதுவும் மேலே, கீழே போனால் கீழே. "மாறி மாறித்தானே பின்ன வேண்டும்" என்று நினைத்து, பக்கத்து வரிக்கு எதிராக இங்கே மேல்-கீழை மாற்றிவிட்டால் இரண்டு வரியும் பிரிந்துபோய், முழுப் பின்னலும் குலையும். மாறி மாறிப் பின்னுவது முதல் வரியின் வேலை. அடுத்த வரிகளுக்கு வேலை, பார்த்து எழுதுவது மட்டும்.

நடுவில் பக்கம் மாறிவிட்டால் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். இறுக்கிய பிறகு அந்த இடம் புடைப்பாகத் தெரியும். பெரும்பாலும் இது ஓரத்தில் திரும்பும்போது நடக்கும். வளைவுக்குள் உட்பக்கமாக நுழைந்த வரி அதே வளைவில் வெளிப்பக்கம் வந்துவிட்டதா என்று ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். இடது ஓரத்தில் உட்பக்கமாக ஓடும் வரி வலது ஓரத்தில் வெளிப்பக்கமாக ஓடுவது இயல்பு. அதைக் கண்டு பயந்து திருத்தப் போக வேண்டாம்.

ஊசிகளை இரண்டாம் வரி பாதி ஓடிய பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கலாம். அதற்குமுன் பிடுங்கினால் வளைவுகள் நடுவுக்குச் சரிந்துவிடும்.

பல நிறம், பல கயிறு

நிறம் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு, இரண்டும் வெவ்வேறு பொருள்.

முதல் வழியில் முடிச்சு ஒரே கயிற்றுக் கணக்குதான். முதல் வரியை நீலத்தில் ஓட்டி, அதன் இரு பக்கத்திலும் வெள்ளையை ஒட்டி ஓட்டினால் எல்லாக் கால்களிலும் நடுவில் நீலக்கோடு ஓடும்.

இரண்டாம் வழி, பொது வகுத்தியையே நமக்குச் சாதகமாக்குவது. 4 கால், 6 வளைவு எடுத்தால் பொது வகுத்தி 2. பன்னிரண்டு கோடு, நான்கு நான்காகத் தாவல். முதல் கயிறு இடது 0, வலது 4, இடது 8, வலது 0, இடது 4, வலது 8 வழியாகத் திரும்பும். இரண்டாவது இடது 2-இல் தொடங்கி, மீதி ஊசிகளைத் தொடும். ஓரத்தில் வளைவுகள் ஒன்றுவிட்டு ஒன்று நிறம் மாறி வரும். ஒரு கயிற்றில் கட்டும் எந்த அளவிலும் இந்த அழகு கிடைக்காது.

இங்கே எதை மேலே, எதைக் கீழே விடுவது? சந்திப்புகளை ஓரத்திலிருந்து வரிசை வரிசையாகப் பாருங்கள். 4 காலில் இப்படி மூன்று வரிசைகள் சுற்றி ஓடும். நடு வரிசையில் வலப்பக்கம் போகும் இழை மேலே இருக்க வேண்டும். இரு ஓர வரிசைகளிலும் அதே இழை கீழே இருக்க வேண்டும். ஒரே கயிறு தன்னைத்தானே சந்திப்பது நடு வரிசையில் மட்டும். இரு நிறங்கள் சந்திப்பது ஓர வரிசைகளில் மட்டும். ஆகவே முதல் கயிற்றைத் தனியாக ஓட்டி முடித்துவிட்டு, இரண்டாவதை நிதானமாக நுழைக்கலாம். கால்கள் எத்தனையானாலும் இந்த வரிசை விதி பொருந்தும்: ஒரு வரிசையில் வலப்பக்கம் போகிறவை எல்லாம் மேலே என்றால், அடுத்த வரிசையில் அவை எல்லாம் கீழே.

எவ்வளவு கயிறு

சுற்றளவு × கால் × வரி. இதுதான் அடிப்படை, ஏனென்றால் ஒவ்வொரு வரியும் உருளையைக் கால் எத்தனையோ அத்தனைமுறை சுற்றுகிறது. கயிறு நேராக ஓடாமல் சாய்ந்து ஓடுவதால், 3 காலுக்கு மூன்றில் ஒரு பங்கும் 5 காலும் அதற்கு மேலும் என்றால் பாதியும் கூட்டுங்கள். பிடிக்க 30 செ.மீ. விடுங்கள். நம் குழலுக்கு 12 × 3 × 3, அதாவது 108 செ.மீ. மூன்றில் ஒரு பங்கு சேர்த்து 144. பிடிமானத்தோடு 174. முதல்முறை தளர்வாகத்தான் ஓடும் என்பதால் 2 மீட்டர் என்றேன்.

வளைவு எத்தனை என்பது நீளத்தை அதிகம் மாற்றாது, ஆனால் தோற்றத்தை மாற்றிவிடும். பெரிய சுற்றளவுக்குக் குறைந்த வளைவு வைத்தால் இடைவெளிகள் நீண்ட கண்களாகத் திறந்து நிற்கும். சின்னச் சுற்றளவில் வளைவை அடைத்தால் ஓரங்கள் நெருங்கி, உருளையைவிட்டு எழும்பும். 4 மி.மீ. கயிறு, மூன்று வரி, 3 கால் என்றால் 24 மி.மீ.க்கு ஒரு வளைவு இடைவெளி இல்லாமல் உட்காரும். சுற்றளவு 14 செ.மீ. ஆனால் கணக்கு ஆறு வளைவுக்குக் கிட்டத்தில் வரும். அது ஒரு கயிற்றில் வராது என்பதால், 5 வளைவில் நான்கு வரி விடலாம், அல்லது மெல்லிய கயிற்றுக்கு மாறி 7 வளைவு வைக்கலாம்.

இறுக்குவது

இரு முனைகளையும் பிடித்து இழுத்தால் முடிச்சு இறுகும் என்பது பரவலான நம்பிக்கை. அப்படிச் செய்தால் முனைகளுக்குப் பக்கத்திலுள்ள ஓரிரண்டு வளைவுகள் மட்டும் சுருங்கி உள்ளே ஓடும், மற்றவை தொளதொளவென்று நிற்கும். இந்தப் பின்னலில் ஒவ்வொரு சந்திப்பும் கயிற்றைப் பிடித்துக்கொள்கிறது. இழுவிசை இரண்டு மூன்று சந்திப்புகளைத் தாண்டிப் போகாது.

வேண்டிய பொருளில் முடிச்சை மாட்டிக்கொண்டு, நிலை முனையிலிருந்து தொடங்குங்கள். மழுங்கிய முனையுள்ள குச்சியாலோ தடித்த ஊசியாலோ முதல் ஓட்டத்தில் உள்ள தளர்வை மேலே தூக்கி, அதை அடுத்த ஓட்டத்துக்குள் இழுங்கள். அங்கே சேர்ந்ததை அதற்கடுத்த ஓட்டத்துக்குத் தள்ளுங்கள். இப்படியே கயிறு போன பாதையில் ஓடும் முனைவரை தளர்வைக் கொண்டுபோக வேண்டும். முதல் தடவையில் தளர்வில் பாதியை மட்டும் எடுங்கள். முழுவதும் எடுத்தால் தொடங்கிய பக்கம் கல்லாகிவிடும், பிறகு அங்கே எதுவும் அசையாது. மூன்று தடவை சுற்றி வந்தால் போதும். ஒவ்வொரு தடவை முடிந்ததும் இரு ஓரத்து வளைவுகளும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று பக்கவாட்டில் பாருங்கள். மூன்று வரியில் ஏதாவது ஒன்று மேலெழும்பி நின்றால், அதில் இன்னும் தளர்வு மிச்சமிருக்கிறது.

பருத்திக் கயிறாக இருந்தால் கடைசியில் நனைத்துக் காயவிடலாம். நனையும்போது சுருங்கி இன்னும் இறுகும். ஆனால் கழற்றி மாட்ட வேண்டிய வளையத்துக்கு இது வேண்டாம்.

இரு முனைகளும் ஒரே சந்திப்பின் அடியில் மறையும்படி உட்பக்கமாக வாங்கிக்கொள்ளுங்கள். 5 மி.மீ. விட்டு வெட்டுங்கள். நைலான் என்றால் வெட்டிய நுனியைச் சூட்டில் லேசாக உருக்கி, ஆறுமுன் குச்சியால் தட்டையாக்கலாம். சுடரைப் பக்கத்து வரிகளுக்குக் காட்டாதீர்கள், கருகிய புள்ளி விழுந்தால் போகாது. பருத்தி என்றால் இரு முனைகளையும் சேர்த்து, அதே நிற நூலால் உட்பக்கம் நான்கு தையல் போட்டு நிறுத்துங்கள்.